டிஸ்சார்ஜ் ஆகாத கட்டில்

ஜனவரி 6

அண்ணிக்கு,

கைபேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். மெயில் அனுப்பினால் போன சுவடே தெரியவில்லை. அதனால் தாளும் பேனாவும். முகவரி அம்மாவிடம் இருந்தது. ஏன் வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நலம் விசாரிக்க எழுதவில்லை. சண்டை போட எழுதுகிறேன். நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். மருந்துக்கடைக்கு மேலே அதே அறை, அதே ஆடுகிற மேசை. மேசைக்காலுக்கு அடியில் நீங்கள் மடித்துச் செருகிய அட்டைகூட அப்படியே இருக்கிறது. எதிரில் அண்ணன். புருஷனும் பெண்டாட்டியுமாக ஆரம்பித்த நிறுவனம் இப்போது அண்ணனும் தங்கையுமாக ஓடுகிறது.

குழந்தைகள் வார்டுக்கான திரை நினைவிருக்கும். நர்ஸ் மேசையில் எல்லாக் கட்டில்களின் மூச்சும் நாடித்துடிப்பும் ஓடுமே, அதுதான். பிப்ரவரிக் கடைசியில் மருத்துவமனையில் போட்டுக் காட்ட வேண்டும். அதற்குள் நிரலைச் சரிபார்க்கும் எல்லாச் சோதனைகளும் தேறிப் பச்சையாக வேண்டும். என் கணினியில் ஒன்று மட்டும் சிவப்பு. அது நீங்கள் எழுதியது. தலைப்பில் ஒரு குறிப்பும் இருக்கிறது: "இதை யாரும் அழிக்கக் கூடாது. கேள்வி இருந்தால் என்னிடம் வரவும்." வந்திருக்கிறேன்.

அண்ணன் சொல்கிறார்: "உன் மெஷின்லதான் சிவப்பு காட்டுது. சர்வர்ல ஒரு சிவப்பும் இல்ல. சோதனையே கோளாறு. தூக்கிப் போடு."

"மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. இனிமேல்தான் காரணம் தேட வேண்டும்.

இன்னொன்று. அவரோடு உறவை முறித்துக்கொண்டீர்கள், சரி. அது உங்கள் இரண்டு பேர் விவகாரம். என்னை எதற்கு வெட்டிவிட்டீர்கள்? நான் உங்களை என்ன செய்தேன்?

கொசு
(நீங்கள் வைத்த பெயர்தான். காதுக்குப் பக்கத்திலேயே ரீங்காரம் போடுகிறேன் என்று.)


ஜனவரி 14

கொசுவுக்கு,

அண்ணி என்று எழுதாதே. அந்த உறவு கோர்ட்டில் முடிந்து, முத்திரையும் குத்தியாகிவிட்டது.

சோதனையை அழித்துவிடு. எனக்கு என்ன வந்தது? நான் கை கழுவிவிட்டேன். இங்கே ஒரு லாரி நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறேன். தையற்கடைக்கு மாடியில் ஓர் அறை. நாள் முழுக்கக் கீழே தையல் மிஷின் கடகடவென்று ஓடும். அந்தச் சத்தத்தில் யாரும் என்னை அதட்ட முடியாது. அதுவே எனக்குப் போதும்.

பதில் போட வேண்டாம்.

பின்குறிப்பு: டீபக்கில் ஓட்டினாயா, ரிலீஸிலா? சும்மா கேட்கிறேன்.

இன்னொரு பின்குறிப்பு: அந்தச் சோதனையில் நீ எதையாவது தொட்டாயா? உன் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே கையால் எழுதி அனுப்பு.


ஜனவரி 19

அண்ணிக்கு,

வேறு எப்படிக் கூப்பிடுவது? மேடம் என்றா? உங்களுக்கும் அவருக்கும் நடுவில்தான் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. என்னை எந்த கோர்ட் கூப்பிட்டுக் கேட்டது? அண்ணிதான். பிடிக்காவிட்டால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள்.

ஓட்டியது டீபக்கில்தான். நாம் எழுதிப் பார்க்கும்போது எப்போதும் ஓட்டுகிற மாதிரி. வாடிக்கையாளருக்குப் போகிற ரிலீஸில் நான் ஓட்டவில்லை.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திட்டுங்கள். நாம் எழுதும் மொழியில் நினைவகத்தை நாம் சுத்தம் செய்வதில்லை. பெருக்குகிறவர் ஒருவர் இருக்கிறார். யாராவது கையில் பிடித்திருக்கும் பொருளை அவர் தொட மாட்டார். யாரும் பிடிக்காமல் கிடந்தால் அள்ளிக்கொண்டு போய்விடுவார். வீக் ரெஃபரன்ஸ் என்பது தளர்ந்த பிடி. பொருள் இருக்கும்வரை எங்கே இருக்கிறது என்று தெரியும், ஆனால் அவர் அள்ளும்போது தடுக்காது. உங்கள் சோதனை நிரலுக்குள் ஏழாம் எண் கட்டிலை உருவாக்குகிறது, தளர்ந்த பிடி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறது, டிஸ்சார்ஜ் செய்கிறது, பெருக்குகிறவரைக் கூப்பிடுகிறது. கடைசியில் கட்டில் போய்விட்டதா என்று பார்க்கிறது. போயிருந்தால் பச்சை.

என் கணினியில் அது போகவே மாட்டேன் என்கிறது. ஏன் என்று கண்டுபிடிக்க நான் ஒரே ஒரு வரிதான் சேர்த்தேன். பெருக்குகிறவர் வருவதற்கு முன்னால் அந்தத் தளர்ந்த பிடி வழியாகக் கட்டிலை ஒரு பெயருக்குள் எடுத்துக்கொண்டு, "நீ எந்தக் கட்டில்?" என்று எண்ணைக் கேட்டு அச்சிடுகிற வரி. முழுசாகப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அண்ணன் தினமும் வந்து கேட்கிறார். "அழிச்சிட்டியா?" "இல்ல." "எப்ப அழிப்ப?" "தெரியாது." இப்போதெல்லாம் எங்கள் பேச்சே இவ்வளவுதான்.

கொசு


ஜனவரி 27

கொசு,

பின்பக்கத்தைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். கீழே தைக்கிறவர் நிமிர்ந்து பார்த்தார்.

கட்டில் எண்ணைக் கேட்கக் கையில் எடுத்தாயே, பிறகு கீழே வைத்தாயா? டீபக்கில் ஒரு பெயருக்குள் போட்டது அந்த ஃபங்ஷன், அதாவது அந்த வரிகளின் தொகுப்பு, ஓடி முடியும்வரை அதற்குள்ளேயே இருக்கும். நீ நடுவில் நின்று பார்க்க ஆசைப்படுவாய் என்று மொழி உனக்காக வைத்திருக்கிறது. ஆக, கட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பது நீ. பிடித்துக்கொண்டே "போக மாட்டேன் என்கிறது" என்று எனக்குப் புகார்க் கடிதம் வேறு எழுதுகிறாய்.

அதற்காகத்தான் நான் கட்டிலை உருவாக்குவதையும் டிஸ்சார்ஜ் செய்வதையும் தனி ஃபங்ஷனில் வைத்தேன். அது முடிந்ததும் அதன் கையில் இருந்ததெல்லாம் உதிர்ந்துவிடும். சோதனைக்குத் தளர்ந்த பிடி மட்டும்தான் வந்து சேரும். எண்ணைப் பார்க்க வேண்டுமா, அந்தத் தனி ஃபங்ஷனுக்குள்ளேயே பார்த்துக்கொள். வெளியே கொண்டுவராதே.

உன் வரியை எடுத்துவிட்டு ஓட்டு. பச்சையானால் உன் அண்ணனிடம் காட்டிவிட்டு என்னை விட்டுவிடு. அப்போதும் சிவப்பாகவே இருந்தால் கோளாறு சோதனையில் இல்லை.

இன்னொரு விஷயம். "சர்வர்ல ஒரு சிவப்பும் இல்ல" என்றாராம். அந்த மனிதரை எனக்குத் தெரியும். பொய் சொல்ல மாட்டார், வார்த்தையைத்தான் பொறுக்கி எடுப்பார். பச்சை என்று அவர் சொல்லவே இல்லை, கவனித்தாயா? நீயே போய்ப் பார்.


பிப்ரவரி 4

அண்ணி,

வரியை எடுத்தேன். சிவப்பு. ரிலீஸிலும் ஓட்டினேன். சிவப்பு. கணினியை அணைத்துப் போட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து திரும்ப ஓட்டினேன். அசையாமல் சிவப்பு.

சர்வரில் போய்ப் பார்த்தேன். பச்சை இல்லை, மஞ்சள். "தவிர்க்கப்பட்டது." நீங்கள் போன அதே வாரம் அண்ணன் தன் பெயரிலேயே அடையாளம் போட்டு வைத்திருக்கிறார். அன்றிலிருந்து சர்வர் அந்தச் சோதனையை ஓட்டவே இல்லை. நான் இத்தனை நாளும் ஓடாத ஓட்டத்தை நம்பி என் கணினியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு நிரலுக்குள் கட்டிலை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தேடினேன். மணி. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு காவலாள் உண்டே, மூச்சு குறைந்தால் எச்சரிக்கை மணி அவனைக் கூப்பிடும், அவன் கட்டிலைத் திரையில் சிவப்பாக்கிச் சத்தம் போடுவான். நீங்கள் மணியின் கையில் காவலாளைத் தளர்வாகக் கொடுத்திருந்தீர்கள். அண்ணன் அதை இறுக்கமாக மாற்றியிருக்கிறார். மணி காவலாளை விடுவதில்லை, காவலாள் கட்டிலை விடுவதில்லை. வீட்டுக்குப் போன குழந்தையின் கட்டிலும் உள்ளே கிடக்கிறது. நாள் ஆக ஆகக் குவிந்து, திரை மந்தமாக ஓட ஆரம்பிக்கும். மணி தாமதமாக அடிக்கும். குழந்தைகள் வார்டில், அண்ணி.

நேராகக் கேட்டேன். முதலில் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "வெள்ளோட்டத்துல மணி அடிக்கவே இல்ல, தெரியுமா உனக்கு? மூச்சு குறையுது, மணி சும்மா இருக்கு. எல்லார் முன்னாடியும் நின்னேன். அதுக்கப்புறம் அந்தத் தளர்ந்த பிடியை நான் எப்படி நம்புவேன்? கொஞ்சம் மெதுவானா ஒண்ணும் ஆகாது. தினம் ஒருவாட்டி அணைச்சுப் போடச் சொல்லிடலாம்."

அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. அதற்காக விட்டுக்கொடுக்கவும் முடியாது. என்ன நடந்தது அன்றைக்கு? உங்கள் இரண்டு பேரில் யார் சொல்வது சரி?

கொசு


பிப்ரவரி 11

கொசு,

அன்றைக்கு மணி அடிக்கவில்லை. அது உண்மை. அதற்குப் பிறகு நடந்ததை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். மருத்துவமனைக்காரர்கள் நிற்கும்போதே என் பக்கம் திரும்பி, "இவளோட புத்திசாலித்தனத்தால வந்தது" என்றார். இவள். பெயர்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா சாப்பாடு எடுத்துவைத்தார், யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும்தான். தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் உன்னை ஏன் வெட்டினேன் என்று கேட்டாயே, போய் அந்தத் தட்டைக் கேள்.

தளர்ந்த பிடி தப்பில்லை. அதை இறுக்கியதுதான் தப்பு. நூறு பேர் எதிரே நின்றாலும் அதைத்தான் சொல்வேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கேள். வெளியே வந்துவிடு. அந்த அறையில் கத்திப் பிரயோஜனமில்லை. நான் கத்திப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இங்கே லாரி நிறுவனத்தில் ஆள் தேடுகிறார்கள். என் பெயரைச் சொல்லிக்கொண்டு வா.

இனி அந்தச் சோதனையைப் பற்றி எழுதாதே.


பிப்ரவரி 26

அண்ணி,

அந்தச் சோதனையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நேற்று மருத்துவமனையில் போட்டுக் காட்டினோம். அண்ணன் பேசினார், நான் திரையை ஓட்டினேன். தலைமை நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாம் பார்த்தார். கடைசியில் அண்ணன், "தினம் ஒருவாட்டி அணைச்சுப் போட்டா நல்லா ஓடும்" என்றார், ஏதோ செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வது மாதிரி.

அந்த அம்மா கேட்டார்: "அணைச்சுப் போடுற நேரத்துல பிள்ளைங்களை மூச்சு விடாம இருக்கச் சொல்லணுமா?"

அண்ணன் ஏதோ பூசி மெழுகப் பார்த்தார். நான் குறுக்கே விழுந்தேன். "அணைக்கத் தேவையில்லாத மாதிரி செய்யலாம். அதுக்கு ஒரு சோதனை இருக்கு. இப்ப அது சிவப்பு. அதைப் பச்சையாக்காம இதை நீங்க வாங்க வேண்டாம்." சொந்த நிறுவனத்தின் பொருளை வாங்காதே என்று வாங்க வந்தவரிடமே சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். தலைமை நர்ஸ் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "மார்ச் கடைசிக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க. அந்தப் பச்சையை எனக்குக் காட்டணும்."

திரும்பி வந்து வாசலில் இறங்கியதும் அண்ணன் சொன்னார்: "நாளைலேருந்து நீ வர வேண்டாம்." இன்று காலை வழக்கம்போலப் போய் உட்கார்ந்தேன். ஒரு பார்வை பார்த்தார். "வர வேண்டாம்னு சொன்னேன்." "கேட்டுச்சு" என்றேன். கணினியைப் போட்டேன். அறைச் சாவியைப் பிடுங்க வேண்டுமானால் பிடுங்கட்டும், அதற்கும் ஒரு கை பார்க்கிறேன்.

இப்போது உங்கள் முறை. அண்ணனை மட்டும் திட்டிவிட்டுப் போகிறேன் என்று நினைக்காதீர்கள்.

இந்த இரண்டு வாரமும் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. வெள்ளோட்டத்தில் மணி ஏன் அடிக்கவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். காவலாளை மணி தளர்வாகப் பிடித்திருந்தது. சரி. வேறு யார் இறுக்கமாகப் பிடித்திருந்தார்கள்? யாருமே இல்லை. பெருக்குகிறவர் வந்தார், அனாதையாகக் கிடந்தவனை அள்ளிக்கொண்டு போனார். குழந்தை கட்டிலில்தான் இருந்தது, காவலாள் இல்லை. அண்ணன் மணியின் பிடியை இறுக்கினார், அதனால் யாருமே போக முடியாமல் ஆயிற்று. இரண்டு பேரும் மணியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டீர்கள். காவலாளைக் கட்டில்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டில் இருக்கும்வரை காவலாள் இருப்பான், கட்டில் போனால் அவனும் போவான். மணி எப்போதும் போலத் தளர்வாகவே இருக்கட்டும். இன்று அப்படி மாற்றிவிட்டேன். உங்கள் சோதனை பச்சை. டீபக்கிலும் ரிலீஸிலும்.

ஆனால் போக வேண்டியது போகிறதா என்று மட்டும்தான் நீங்கள் சோதித்தீர்கள், அண்ணி. இருக்க வேண்டியது இருக்கிறதா என்று நீங்களும் சோதிக்கவில்லை, அவரும் சோதிக்கவில்லை. நீங்கள் வீட்டை விட்டுப் போனபோதும் அதுதான் நடந்தது. போக வேண்டியதை உதறினீர்கள், அதோடு சேர்த்து என்னையும் உதறினீர்கள். அன்றைக்கு நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், உண்மை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று உட்கார்ந்திருந்தேன். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நாள்கூட உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லையா?

அந்த இரண்டாவது சோதனையை நான் எழுதிவிட்டேன். கட்டிலை உருவாக்கு, கையில் வைத்துக்கொள், பெருக்குகிறவரைக் கூப்பிடு, மணியைத் தட்டு, சத்தம் வந்ததா பார். என் கணினியில் டீபக்கில் பச்சை. ரிலீஸில் ஓட்டினால் சிவப்பு. ஏன் என்று தெரியவில்லை. கட்டில் என் கையில்தான் இருக்கிறது, அதை நான் கீழே வைக்கவே இல்லை. பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

நான் லாரிக்கெல்லாம் வரவில்லை. இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். சொல்லித் தருவதானால் தாருங்கள், இல்லாவிட்டால் நானே முட்டி மோதிக் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

கொசு


மார்ச் 5

கொசு,

மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். கோபமாக எழுதியதைக் கிழித்தேன், சமாதானமாக எழுதியதையும் கிழித்தேன். வேலையை மட்டும் எழுதலாம் என்று உட்கார்ந்தால் கை ஓடுகிறது.

காவலாளைக் கட்டிலிடம் கொடுத்தது சரி. அந்த இரண்டாவது சோதனை அன்றைக்கே இருந்திருந்தால் நானும் உன் அண்ணனும் மற்றவர்கள் முன்னால் கத்திக்கொண்டிருக்க மாட்டோம். அதற்காக நான் திரும்பி வருவேன் என்று கனவு காணாதே. அவர் "இவள்" என்று சொன்னது எந்தச் சோதனையாலும் பச்சையாகாது. இந்த அறை எனக்குப் பிடித்திருக்கிறது. தையல் மிஷின் சத்தம்கூடப் பிடித்துவிட்டது.

அந்தத் தட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். நான் கேட்டிருக்க வேண்டும் என்கிறாய். நீயும் சொல்லியிருக்கலாம், கழுதை. இத்தனை நாள் கழித்துச் சொல்கிறாய், அதுவும் மணிக்கும் காவலாளுக்கும் நடுவில் செருகி.

உன் சோதனைக்கு வருகிறேன். கட்டில் உன் கையில்தான் இருக்கிறது என்கிறாய். இருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். டீபக்கில் கடைசிவரை வைத்திருக்கும் என்று முன்பே சொன்னேன். ரிலீஸ் அப்படி இல்லை, கறாரானது. நீ கட்டிலைத் தொட்ட கடைசி வரி எது என்று பார்க்கும். அதற்குப் பிறகு உனக்கு அது வேண்டாம் என்று அதுவே முடிவு கட்டிவிடும். பெருக்குகிறவர் நடுவிலேயே வந்து அள்ளிவிடுவார். கீழே வைக்கவில்லை என்று நீ மனதுக்குள் நினைத்தால் அதற்குத் தெரியாது.

அதனால் சோதனையின் கடைசியில் ஒரு வரி சேர். 'கீப் அலைவ்', அதாவது 'உயிரோடு வை' என்று எழுதி, கட்டிலின் பெயரை அதில் போடு. அந்த வரி எதையும் கணக்கிடாது, எதையும் அச்சிடாது, பார்க்கிறவர்களுக்கு வெட்டி வரி மாதிரி இருக்கும். உன் அண்ணன் "இது எதுக்கு?" என்று கேட்பார். இது எனக்கு இன்னும் வேண்டும் என்று சொல்வதுதான் அந்த வரியின் வேலை என்று சொல். அதுவரை பெருக்குகிறவர் கிட்டே வர மாட்டார். இரண்டும் பச்சையாகும். தலைமை நர்ஸிடம் நீயே கொண்டுபோய்க் காட்டு.

தலைப்பில் என் குறிப்பை எடுத்துவிட்டு உன் பெயரில் எழுது. கேள்வி இருந்தால் உன்னிடம் வரட்டும்.

சாவியைக் கொடுக்காதே. எவ்வளவு கத்தினாலும் கொடுக்காதே. அந்த மேசைக்கு அட்டை வைத்தது நான்.

உன் அண்ணனின் எண் தடுத்தபடியே இருக்கும். உன் எண்ணை இன்று காலை விடுவித்துவிட்டேன். ஆனாலும் நீ கடிதமே எழுது. சாயங்காலம் கதவுக்கு அடியில் கவர் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே படியேறப் பழகிவிட்டேன்.

உன் அண்ணனுக்கு நான் யாரும் இல்லை. அதில் மாற்றம் கிடையாது. உனக்கு யார் என்பதை எந்த கோர்ட்டும் கேட்கவில்லை என்றாயே, இப்போது நானே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் இதற்குக் கீழே இருக்கும் ஒரே ஒரு வார்த்தைக்கும், அந்த வெட்டி வரியைப் போலவே, வேறு வேலை கிடையாது.

அண்ணி